நிறுவனத் தலைமையிலிருந்து உலக சுகாதாரத்துக்கு: வழியில் நேரும் தவறுகள்

நிறுவனத்தை நடத்திய அனுபவத்தோடு, சமூகச் சிக்கல்களுக்குப் புது வழி தேடும் சமூகப் புத்தாக்கத்துக்கும், அங்கிருந்து உலக சுகாதாரத்துக்கும் நகர்கிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பழைய இடத்தில் நன்றாகப் பலன் தந்த ஒரு பழக்கத்தைப் புதிய இடத்துக்கும் அப்படியே எடுத்து வருவதால் நேர்பவை. வணிகத்தில் பொருளைப் பயன்படுத்துபவரே பெரும்பாலும் காசும் கொடுக்கிறார். பிடிக்கவில்லையென்றால் வாங்குவதை நிறுத்திவிடுவார், அடுத்த மாத விற்பனைக் கணக்கிலேயே அது தெரிந்துவிடும். சுகாதாரத் திட்டத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், மருந்தை விழுங்குபவர் வேறொருவர். திட்டம் யாருக்கும் உதவாமல் போனாலும், நன்கொடையாளர் மனநிறைவோடு இருக்கும்வரை பணம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதை மறப்பவர்கள் முதலில் சறுக்குவது எண்ணிக்கையில். இத்தனை லட்சம் பொட்டலங்கள் கொடுத்தோம், இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று எழுதுவது விற்பனை அறிக்கையின் வாசனை மாறாத பழக்கம். இந்தப் பொறியைக் கண்டு வெளியேறியவர்களில் முக்கியமானவர் ஃபஸ்லே ஹசன் அபேத். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நிதிப் பிரிவுப் பொறுப்பில் இருந்த அவரை 1970ஆம் ஆண்டின் புயலும் அடுத்த ஆண்டின் விடுதலைப் போரும் நிவாரணப் பணிக்கு இழுத்து வந்தன. 1972இல் வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் நீர்வற்றி இறப்பதைத் தடுக்க, 1980 முதல் பத்தாண்டுகள், அவருடைய பணியாளர்கள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, மூன்று விரல்களால் கிள்ளி எடுத்த உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீரில் கலக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். எத்தனை வீடுகளுக்குப் போனார் என்று பார்த்துப் பணியாளருக்கு ஊதியம் தரவில்லை. வேறொருவர் பின்னர் அதே வீடுகள் சிலவற்றுக்குப் போய்க் கேட்கும்போது தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே ஊதியம் அமைந்தது.

விற்பனைத் துறையில் பழகியவர் இத்துடன் திருப்தி அடைந்திருப்பார். ஆனால் கரைசலின் அளவைச் சரியாக ஒப்பித்த தாய்மார்களில் மிகச் சிலரே, குழந்தைக்கு நோய் வந்தபோது அதைக் கலக்கிக் கொடுத்திருந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் கரைசலை நம்புவதில்லை என்பது தெரியவந்தது. அதன்பின் கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று பணியாளர்களுக்கு விளக்கப்பட்டது. வீடுகளில் கலக்கியதை அவர்களே முதலில் குடித்துக் காட்டினார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசினார்கள். கொடுத்தது, நினைவில் நின்றது, பயன்படுத்தப்பட்டது ஆகிய மூன்றும் தனித்தனிக் கணக்குகள். நன்கொடையாளர் முதலாவதை மட்டுமே கேட்டாலும், மூன்றாவதைத் தேடிப் போவது தலைமையில் இருப்பவரின் வேலை.

கருவியின் மீது காதல் கொள்வது இன்னொரு தவறு. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலேறும் என்ற பிளேபம்ப் கருவிக்கு 2006இல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 கருவிகள் என்பது இலக்கு. மேடையில் காட்டும் படத்துக்கு அதைவிட அழகான காட்சி கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகள் விளையாட்டை நிறுத்தியதும் நடந்ததைப் படங்கள் காட்டவில்லை: வயதான பெண்கள் குனிந்து நின்று அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். சில இடங்களில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பை அகற்றிவிட்டு இதை நிறுவியிருந்தார்கள். சொன்ன அளவு நீர் கிடைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது. இலக்கைத் தொடாமலே அந்த விரிவாக்கம் கைவிடப்பட்டது.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்பதும் வணிகத்திலிருந்து வருபவர்கள் சோதிக்காமலே நம்பும் ஒன்று. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவ மையங்களில் கோஹன், துபாஸ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். கொசுவலைக்கு 60 அமெரிக்க சென்ட் விலை வைத்தவுடன், வாங்கியவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களோ காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள். எல்லாப் பொருளுக்கும் இதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. விலையைப் பற்றிய நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

காலக் கணக்கில் நேரும் தவறு எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகளை அறிவித்துப் பழகியவருக்கு மூன்றாண்டுத் திட்டமே நீண்டதாகத் தோன்றும். ராய் வாகெலோஸ் தலைமையில் மெர்க் என்ற மருந்து நிறுவனம் 1987இல், ஈக்கடியால் பரவும் புழுவால் பார்வை பறிபோகும் ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தை, தேவையான அளவுக்கு, தேவையான காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்தக் கடைசி நிபந்தனை வெறும் பெருந்தன்மை அன்று. மருந்து புழுவின் குஞ்சுகளைத்தான் அழிக்கிறது. தாய்ப்புழு உடலுக்குள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது என்பதால், அது தானாக மடியும்வரை ஊர் முழுவதும் ஆண்டுதோறும் மருந்து உண்ண வேண்டும். மருந்து இலவசமானதால் மட்டும் அது சாலை முடியும் இடத்துக்கு அப்பால் போய்விடவில்லை. 1990களின் பிற்பகுதியில், யார் எப்போது விநியோகிப்பது என்பதை அந்தந்த ஊராரே முடிவு செய்யும் முறை ஆப்பிரிக்காவில் பரவிய பிறகே அது நிலைத்தது. நோயை ஒழித்த முதல் நாடாகக் கொலம்பியாவை உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது 2013இல், அதாவது அறிவிப்புக்கு 26 ஆண்டுகள் கழித்து.

மற்றவை சிறியவை. பழைய பதவிக்கு ஈடான பதவியைத்தான் ஏற்பேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், முதல் ஓராண்டாவது கள மேற்பார்வையாளருடன் சுற்றுவது நல்லது. மருந்து நிறுவனப் பங்குகளை வைத்துக்கொண்டு கொள்முதல் குழுவில் உட்காரக் கூடாது. விற்க முடியாவிட்டால், அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு அந்த நிறுவனம் தொடர்பான கொள்முதல் முடிவு எடுக்கப்படும்போது அறையைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.