வீடியோ கால் திக்கினால் கோளாறு யார் பக்கம் என்று முதலில் பாருங்கள்

எங்கள் வீடு குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர். அண்ணன் துபாயில். ராத்திரி எட்டரைக்கு அவன் அழைப்பு வரும், அம்மை அடுக்களையில் இருந்தபடியே போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவாள். ரெண்டே நிமிடத்தில் அங்கிருந்து அவன் "அம்மா, கேக்கல்ல, மூஞ்சி அப்படியே நிக்குது" என்று கத்த ஆரம்பிப்பான். அம்மைக்கோ அவன் பேசுவது கணீரென்று கேட்கும். "எனக்கு நல்லாத்தான் கேக்குது மக்களே, ஒனக்கு அங்க நெட்டு சரியில்ல" என்பாள். பல மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், கோளாறு எங்கள் அடுக்களையில் இருந்தது.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: யாருடைய குரல் உடைகிறதோ, பெரும்பாலும் அவர் பக்கத்தில்தான் சிக்கல். உடைவது அவருக்குத் தெரியாது, எதிர்முனைக்காரருக்குத்தான் தெரியும். எதிரொலியும் இதே கணக்குத்தான். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் அங்கே இருப்பவர் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம், அவரை இயர்போன் போடச் சொல்லுங்கள், நின்றுவிடும்.

ஏன் இப்படி? டவர் பல வாட் சக்தியில் நம்மை நோக்கி அனுப்புகிறது, நம் கையில் இருக்கும் போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் திருப்பி அனுப்ப முடியும். அதனால் சிக்னல் நலிந்த இடத்தில் டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது டவருக்குச் சரியாகப் போய்ச் சேராது. யூடியூப் மட்டும் ஓடுகிறதே என்றால், அது தொட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பது மாதிரி, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டுதான் காட்டுகிறது, நடுவில் கொஞ்ச நேரம் வரத்து நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. பேச்சைப் பிடித்து வைக்க முடியாது, அது நேராகக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர். அதனால் 'எனக்கு 40 எம்பி ஸ்பீடு வருது' என்று சொல்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை. குரல் அழைப்புக்கு நொடிக்கு நூறு கிலோபிட் கூட வேண்டாம், வீடியோவுக்கு ஒரு மெகாபிட் சுற்றி நிலையாகக் கிடைத்தால் ஓரளவு நன்றாகவே போகும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் அப்லோடு (நாம் அனுப்பும் வேகம்) என்ன, பிங் (தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) என்ன என்று பாருங்கள். பிங் அறுபது, நானூறு, எண்பது என்று குதித்துக்கொண்டே இருந்தால் பேச்சு திக்கத்தான் செய்யும். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

சரி, இனி வீட்டுக்குள் நடக்க வேண்டும். மேலே காட்டுகிற கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் (dBm, சிக்னல் சக்தியை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும், ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் வரும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் −90 என்றால் அருமை, −105 என்றால் பரவாயில்லை, −115 தாண்டினால் அழைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். பத்து கூடினால் சக்தி பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம், இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. எங்கள் அடுக்களையில் −117. முன்வாசல் திண்ணையில் −106. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் −94. அதாவது பத்தடி நடந்தாலே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், படியேறினால் இருநூறு மடங்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள், எண் மாற நேரம் எடுக்கும்.

கான்கிரீட் கூரை, தகர ஷீட், இரும்பு கிரில், ஈரமான இலை எல்லாம் சிக்னலைத் தின்னும். ஓட்டு வீடுகள் இதில் கொஞ்சம் கொடுத்துவைத்தவை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும்போது எங்கள் திண்ணையில் எண் நாலைந்து கூடும், ஆனி ஆடி மழையில் தோப்பு முழுக்க நனைந்து நிற்கும்போது மறுபடி இறங்கும். மரத்தை வெட்ட முடியாது, நாற்காலியை நகர்த்தலாம்.

வயதானவர்களைத் தினமும் மாடிக்கு ஏறச் சொல்ல முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது, எங்கள் வீட்டில் இதுதான் காப்பாற்றியது. அலமாரியில் கிடக்கும் பழைய 4ஜி போனில் ஒரு சிம்மைப் போட்டு, மாடிப்படி ஜன்னலில், எண் நன்றாக வரும் இடத்தில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு விடுங்கள். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். 'ஆளில்லாவிட்டால் தானே அணைந்துவிடும்' என்ற வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அழைப்பு வரும் நேரத்தில்தான் அது தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் நேரடியாக விழும் இடம் கூடாது, சூடானால் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அம்மையின் போன் இப்போது அடுக்களையிலேயே அதே மிளகாய்ப்பொடி டப்பாவில்தான் சாய்ந்திருக்கிறது, டவரோடு மல்லுக்கட்டுவது ஜன்னலில் இருக்கும் போன்.

அப்புறம் போனுக்குள் பார்க்க வேண்டியவை. 5ஜி இருக்கிறது என்று பெருமையாக வைத்திருப்போம், ஆனால் அதில் பெரும்பங்கு 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவது, வேகம் உண்டு, சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. வீட்டுக்குள் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும் ஒவ்வொரு தடவையும் பேச்சு ஒரு குலுக்கு குலுங்கும். நெட்வொர்க் டைப்பை 4ஜியில் பூட்டி வைத்துவிட்டு ஒரு வாரம் பேசிப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப் பின்னணியில் ஏறிக்கொண்டிருந்தால் அது உங்கள் அப்லோடைத்தான் சாப்பிடுகிறது, அதை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். பேட்டரி சேவரும் டேட்டா சேவரும் அழைப்பு நேரத்தில் வேண்டாம். ரெண்டு சிம் போட்டிருப்பவர்கள் கவனிக்க: ஒரு சிம்மின் டேட்டாவில் வீடியோ பேசும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்தால் பல போன்களில் டேட்டா அப்படியே நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் 'யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்' இருக்கும், லைன் மோசமான ஊர்க்காரர்கள் அதை ஆன் செய்யலாம்.

உள்நாட்டுக்குள் பேசுவதென்றால் வாட்ஸ்அப்பே எதற்கு? வோல்ட்டி (VoLTE, 4ஜியிலேயே குரலை அனுப்பும் முறை) வழியாகப் போகும் சாதாரண அழைப்புக்கு நெட்வொர்க் தனி முன்னுரிமை தருகிறது, ஆம்புலன்சுக்கு வழி விடுவது மாதிரி. வாட்ஸ்அப் அழைப்பு மற்ற டேட்டாவோடு நெரிசலில் வரிசையில் நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே ரீல்ஸ் பார்க்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். செட்டிங்ஸில் வோல்ட்டி ஆனில் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் ஃபைபர் இருந்தால் வைஃபை காலிங்கையும் போடுங்கள், டவரே இல்லாவிட்டாலும் சாதாரண எண்ணிலேயே பேசலாம். ஆனால் 2.4 வைஃபையும் புளூடூத் இயர்போனும் ஒரே அலைவரிசையில் மோதும், அதனால் வயர் இயர்போன் மேல்.

துபாய், ஷார்ஜாவில் ஆள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லை, போட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற ஆப்பில்தான் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டு இங்கே சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் பஸ்ஸில் போகும்போது பேச்சு அறுந்தால் பதறாதீர்கள், போன் கேரள வட்டத்து டவருக்குத் தாவுகிறது. தாண்டிய பிறகும் ஒட்டாமல் நின்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள்.

ஆன்லைனில் சல்லிசாக விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், அது கிளப்பும் இரைச்சலில் பக்கத்து வீடுகளின் அழைப்பும் சேர்ந்து கெடும். அதற்குப் பதில் உங்கள் சிம் கம்பெனியின் 198க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வீட்டில் சிக்னல் இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் "செக் பண்றோம் சார்" என்பதோடு முடிந்துவிடும், என் முதல் ரெண்டு புகாரும் அப்படித்தான் போயின. மூன்றாம் தடவை நேரம், இடம், டிபிஎம் எண் எல்லாம் சொன்னேன், ஒரு ஆள் வந்து பார்த்தார்.

பெருமழையில் கரண்ட் போய் நெடுநேரம் ஆனால் டவர் பேட்டரியும் தீர்ந்து போகலாம், அந்த நேரத்தில் எதைத் தட்டினாலும் வராது. வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பிவிட்டுப் படுங்கள், லைன் வந்ததும் அது தானே போய்விடும்.