கப்பலில் ஐன்ஸ்டீன்: பழைய படத்துக்குக் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான் இப்போதும் நடக்கிறது. எழுத்துப்பிழை, அனுமதி கேட்காமல் படத்தை எடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, விடுங்கள். கப்பலில் போகும் விஞ்ஞானி படம் வேண்டும் என்றால் முதலில் கைக்கு வருவது ஐன்ஸ்டீன்தான், தப்பும் அங்கேதான் அதிகம்.

கப்பல் பெயரைப் பார்த்ததும் ஆண்டைப் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். உயிர்காப்பு வளையத்தில் 'பெல்கன்லாந்து' என்று தெரிந்துவிட்டால் போதும், "ஹிட்லரிடமிருந்து தப்பிய ஐன்ஸ்டீன், 1933" என்று எழுதிவிடுகிறார்கள். அதே கப்பலில் அவர் 1930 டிசம்பரிலும் போயிருக்கிறாரே! அப்போது அவர் பெர்லினில் வீடும் வேலையும் உள்ள பேராசிரியர், குளிர்காலத்தைக் கலிபோர்னியாவில் கழித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர். 1933 மார்ச்சில் அதே கப்பலில் எதிர்த்திசையில், நியூயார்க்கிலிருந்து ஆன்ட்வெர்ப் வந்து இறங்கியவர் நேராக பிரஸ்ஸல்ஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். இரண்டு முறையும் பக்கத்தில் மனைவி எல்சா, இரண்டு முறையும் தலை நரைத்த மனிதர், ஆனால் கதை முற்றிலும் வேறு.

ஒரு பத்திரிகை, நாடிழந்த அறிஞர்கள் பற்றிய கட்டுரைக்கு 1930 படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டது. படத்தில் அவரைச் சுற்றி நியூயார்க் நிருபர்கள் முண்டியடிக்கிறார்கள், அவரும் நன்றாகச் சிரிக்கிறார். அச்சாகி வந்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள். அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்த செலவு ஒரு பக்கம், சரியான படத்துக்கு இன்னொரு தடவை கட்டணம் இன்னொரு பக்கம்.

அதனால் கப்பல் பெயரோடு நிறுத்தாமல் எந்தத் துறைமுகம், எந்தத் திசை என்று பாருங்கள். 1930 பயணத்திலேயே டிசம்பர் 11 நியூயார்க், அப்புறம் ஹவானா, பனாமா கால்வாய், 31ஆம் தேதி சான் டியேகோ. ஒரே பயணம்தான், கனத்த ஓவர்கோட்டும் இருக்கும், வெயிலும் இருக்கும். 1933 அக்டோபரில் அமெரிக்காவில் தங்கிவிடுவதற்காக வந்தது 'வெஸ்டர்ன்லாந்து' கப்பலில். அப்போது கப்பல் துறை சேருமுன்பே ஒரு சிறு படகு அவரைக் கூட்டிப்போய்விட்டது, கரையில் காத்திருந்த நிருபர்கள் ஏமாந்தார்கள். ஆகவே அந்த மாதத்தைச் சொல்லி, நிருபர் கூட்டத்தோடு ஒரு படம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

படத்தின் பின்பக்கத் தேதி முத்திரையை நம்புவது

அது படம் எடுத்த தேதியாக இல்லாமல், பத்திரிகையில் பயன்பட்ட தேதியாக இருக்கலாம். ஐன்ஸ்டீன் இறந்தது 1955 ஏப்ரலில், அந்த வாரம் எந்தப் பத்திரிகைதான் பழைய படத்தைத் தேடி எடுத்திருக்காது?

1921 படத்தில் "நோபல் பெற்ற" என்று சேர்ப்பது

'ராட்டர்டாம்' கப்பலில் அவர் நியூயார்க் வந்தது 1921 ஏப்ரல் 2. அந்த ஆண்டுக்கான பரிசு அறிவிக்கப்பட்டதே 1922 நவம்பரில், அவர் ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது. கூட நிற்கும் சியோனிஸ்ட் (யூதத் தேசிய இயக்க) தலைவர் வைஸ்மனை வெறும் அரசியல்வாதி என்று எழுதாதீர்கள், நொதிக்க வைத்து அசிட்டோன் எடுத்த வேதியியலாளர் அவர்.

சி.வி. ராமனுக்குக் கிழவர் படம்

கடலின் நீலத்தை யோசித்தபடி 'நார்குண்டா' கப்பலில் 1921இல் ஊர் திரும்பியவருக்கு வயது 32.

இடவலம் மாறிய படம்

கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.