அமெரிக்க ஃபெடரல் நீதிபதியின் பணிக்காலத்தைத் தேதி பிசகாமல் எழுதுவது எப்படி

ஓய்வுபெற்ற ஃபெடரல் மாவட்ட நீதிபதி ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது அதிகம் பிசகுவது ஓய்வுத் தேதிதான். பழைய செய்திகளைப் புரட்டுவதற்கு முன் ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் (ஃபெடரல் நீதிமன்றங்களின் ஆய்வு, பயிற்சி அமைப்பு) இணையத்தில் வைத்திருக்கும் நீதிபதிகள் பட்டியலைத் திறந்துவிடுங்கள். 1789 முதல் நியமனமானவர்கள் அதில் இருக்கிறார்கள், இலவசம். மாஜிஸ்திரேட், திவால் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அதில் தனிப் பக்கம் கிடையாது.

ஒரே பெயருக்குக் கீழே பல தேதிகள் வரும்: அதிபர் பரிந்துரைத்த நாள், செனட் ஒப்புதல், நியமன ஆணை, சீனியர் நிலை, பணி முடிவு. பணித் தொடக்கமாக நியமன ஆணைத் தேதியையே எடுங்கள். செனட் ஒப்புதல் அதற்குச் சில நாள் முன்பே முடிந்திருக்கலாம்.

‘சீனியர்’ என்றால் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொருளல்ல. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் சேர்ந்தால் அந்த நிலைக்கு மாறலாம். வயது ஒன்று கூடக்கூடப் பணியில் ஒன்று குறையும், 70 வயதுக்கு 10 ஆண்டு போதும். இதைத்தான் ‘80 விதி’ என்பார்கள். இடம் காலியாகும், புதியவர் வருவார், பழையவரோ குறைந்த சுமையோடு வழக்குகளைத் தொடர்ந்து விசாரிப்பார். நியூயார்க் தென் மாவட்டத்தின் ஷிரா ஷைண்ட்லினைப் பாருங்கள். பிறந்தது 1946 ஆகஸ்ட், நியமனம் 1994, சீனியர் ஆனது 2011 ஆகஸ்ட்: 65 நிரம்பிய கையோடு. முழு ஓய்வு 2016இல். 2011ஐ ஓய்வு ஆண்டாகப் போட்டால், நியூயார்க் போலீஸார் தெருவில் செல்வோரை நிறுத்திச் சோதித்த முறைக்கு எதிராக 2013இல் அவர் தந்த தீர்ப்பு ‘ஓய்வுக்குப் பிந்தையது’ ஆகிவிடும்!

பணி முடிவு வரியில் காரணத்தையும் படியுங்கள். ஓய்வு வேறு, ராஜினாமா வேறு. 80 விதியை எட்டி ஓய்வுபெறுபவருக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் வரும்; எட்டாமல் ராஜினாமா செய்பவருக்கு அது கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பதவியை அதிபர் தந்ததாக எழுதிவிடாதீர்கள்; அது பணி மூப்பில் வருவது, வழக்கமாக அதிகபட்சம் 7 ஆண்டு.

அவர் விசாரித்த வழக்குகளைத் தேட, ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்கள் கிடைக்கும் பேசர் (PACER) இணையதளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்குப் பெரும்பாலும் 3 டாலருக்கு மேல் போகாது; மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. செலவைக் குறைக்க முதலில் கோர்ட்லிஸனர் (CourtListener) என்ற இலவசத் தளத்தில் தேடுங்கள். பல நீதிமன்றங்களில் வழக்கு எண்ணின் கடைசியில் நீதிபதியின் முதலெழுத்துகள் இருக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது: வழக்கு கைமாறினால் அவையும் மாறும். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து என்று பார்த்த பிறகே அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வழக்கின் மேல்முறையீட்டு முடிவையும் தேடி எடுங்கள், ரத்தான தீர்ப்பைச் சாதனையாக எழுதியவர்கள் உண்டு.

நீதிபதியின் அலுவலக அறைக் குறிப்புகள் அவருடைய சொந்தச் சொத்து, தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிப் பயனில்லை. பல்கலைக்கழக நூலகம் எதற்காவது தந்திருந்தால் அதே ஜுடிஷியல் சென்டர் பக்கத்தின் அடியில் குறித்திருப்பார்கள். கிளம்புமுன் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சில பெட்டிகளை இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்திருப்பார்கள்.