மல்லாட்டைய (வேர்க்கடலைய) காத்துப் புகாத பையில போட்டா போதுமா? நாம பண்ற தப்புங்க

காத்துப் புகாத பை வாங்கிட்டோம், இனிமே மல்லாட்டைல பூஞ்சணமே வராதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. பாதிதான் உண்மை. பச்சையும் மஞ்சளுமா பொடி மாதிரி படியுமே, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்ங்கிற பூஞ்சை, அதுதான் அஃப்ளாடாக்ஸின்ங்கிற விஷத்த உண்டாக்குது, அதுக்கு ஆக்சிஜன் வேணும். வெளிக்காத்துல 21 சதவீதம் இருக்கு. பைக்குள்ள அது 1 சதவீதத்துக்குக் கிட்ட எறங்கிட்டா விஷம் உண்டாகுறது ரொம்பவே கொறஞ்சிடும், ஆனா பூஞ்சை சாவாது, சும்மா படுத்துக் கெடக்கும்.

மொத தப்பு, காயாததக் கட்டி வைக்கிறது. எங்க வீட்லயே பண்ணோம். மழ வருதேன்னு களத்துலேர்ந்து அவசரமா அள்ளிப் போட்டு வாய முறுக்கிக் கட்டிட்டோம், ரெண்டு மாசம் கழிச்சு அவுத்தா குப்புன்னு புளிச்ச வாடை, உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி. ஈரம் இருந்தா காத்தே இல்லாம ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புளிக்க வச்சிடும். அதுல எலி ஒரு ஓட்ட போட்டுட்டா கேக்கவே வேணாம், ஈரமும் இருக்கு காத்தும் வருது, பூஞ்சைக்கு வேற என்ன வேணும்? காய்ல ஈரம் 8 சதவீதத்துக்குள்ள இருக்கணும், மக்காச்சோளம்னா 13. மீட்டர் இல்லையா, காதுகிட்ட வச்சு குலுக்குங்க, உள்ள பருப்பு கலகலன்னு ஆடணும். வெயில் சூட்டோட கட்டாதீங்க, நெழல்ல ஆறட்டும்.

அடுத்தது அரைப் பை கட்டுறது. காஞ்ச காய் இருக்கற பையில ஆக்சிஜன தீக்கறது பெரும்பாலும் உள்ள மாட்டிக்கிட்ட வண்டும் புழுவும்தான், மூச்சு விட்டு விட்டே இருக்கறத காலி பண்ணிட்டு அதுங்களே செத்துடும், வேடிக்கையா இல்ல? காலி எடம் நெறைய இருந்தா அவ்ளோ நாள் அதுங்களுக்கும் கொண்டாட்டம். வாரத்துக்கு ஒரு தரம் அவுத்து ரெண்டு படி எடுக்கறவங்களுக்கு இந்தப் பையே தண்டம், சமையலுக்குத் தனியா சின்னதா ஒண்ணு வச்சுக்கங்க.

பெரிய தப்பு எதுன்னா, பை விஷத்த எடுத்துடும்னு நம்புறது. அறுவடைக்கு முந்துன வாரங்கள்ல தண்ணி இல்லாம மண்ணு சுட்டா நெலத்துலயே பூஞ்சை உள்ள போயிடும். அங்க உண்டான விஷம் பைக்குள்ள அப்படியேதான் இருக்கும், வறுத்தாலும் முழுசா போகாது, மோந்து பாத்தும் தெரியாது. அதனால களத்துலயே ஒடஞ்ச காய், சொத்த, சுருங்குனது எல்லாத்தயும் பொறுக்கிடணும்.

பொறுக்குனத மாட்டுக்குப் போட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சே, அது பிரேசில்லேர்ந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கு தின்னுதான். மாடு சாவாம தப்பிச்சுடலாம், ஆனா விஷத்துல கொஞ்சம் எம்1ன்னு வேற உருவம் எடுத்து பால்ல எறங்கும், காலைல கொழந்தைக்கு ஆத்திக் குடுக்கறமே அதே பால்ல.