அச்சாணியைக் கழற்றாமலே தேய்மானம் அறிய

மடங்கும் அடிப்பலகை (படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கி, அச்சாணி என்னும் ஓர் ஆணியைச் சுற்றிச் சுழன்று மேலே மடங்கும் பலகை) கொண்ட சிறு பாய்மரப் படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்ததும், பலகை எதன்மீதும் படாமல் தொங்கும் நிலையில், அச்சாணிக்கு நேர் கீழே மரத்துண்டு வைத்து ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். படகு அசையும் முன்பே பலகை மட்டும், புதிதில் இருந்த இடைவெளியைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் கூடுதலாக எழுந்தால், ஆணியோ துளையோ தேய்ந்திருக்கிறது.

பலகையின் எடை பெரும்பாலும் ஆணியின் மேற்பக்கத்தையே அழுத்துவதால், தேய்மானம் பெரும்பாலும் அங்கேயே நிகழ்ந்து எடையால் மறைந்திருக்கும். எடையைத் தூக்கியதும் அது வெளிப்பட்டுவிடும். வீணாகக் கழற்றும் அரைநாள் வேலை மிச்சம்.

ஆனால் ஆந்திர எல்லையிலுள்ள நம் பழவேற்காடு ஏரி போன்ற உவர்நீரில் மிதக்கும் படகுகளுக்கு இச்சோதனை மட்டும் போதாது. ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் துருப்பிடிக்காத எஃகும் குழிகுழியாக அரிக்கப்படும். அதை ஆணியை உருவிக் கண்ணால் பார்த்தே அறிய முடியும்.