மாங்கூழ் டின் லேபிளைப் போட்டியாளர் காப்பியடித்தால்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டின் விற்கிறீர்கள். அதே மஞ்சள், அதே மாங்கொத்துப் படம், பெயரில் ஓரெழுத்து மட்டும் மாற்றி இன்னொரு கம்பெனியின் டின் கடைக்கு வந்துவிட்டது. உங்கள் பெயரைப் பதிவு செய்யாவிட்டாலும் 'பாஸிங் ஆஃப்' (தன் சரக்கை உங்கள் சரக்குபோலக் காட்டி விற்பது) வழக்குப் போடலாம்; 1999 வணிகக் குறிச் சட்டத்தின் 27(2) பிரிவு அந்த உரிமையைக் காக்கிறது.

நிரூபிக்க வேண்டியவை மூன்று: பெயருக்குச் சந்தையில் உள்ள மதிப்பு, வாங்குபவர் ஏமாறும் வாய்ப்பு, உங்கள் இழப்பு. சறுக்குவது முதலாவதில்தான். ஆண்டுவாரியான விற்பனை பில், ஜிஎஸ்டி கணக்கு, லேபிள் அச்சடித்த ரசீது எல்லாம் தேதியோடு வேண்டும்.

போட்டியாளரின் டின்னைப் பில் போட்டே வாங்குங்கள். திறக்காமல், பேட்ச் எண் தெரியப் படமெடுங்கள். போன் படம், வாட்ஸ்அப் செய்திகளுக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தரும் சான்று) தேவை.

பிறகு வக்கீல் நோட்டீஸ். கடை கடையாகப் போய் "அவன் திருடன்" என்று சொல்லாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள்மேல் பாயும்! வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. இடைக்காலத் தடை கேட்பதென்றால் உடனே கேளுங்கள். தெரிந்தும் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அவசரம் என்ற வாதம் எடுபடாது.

கையோடு பெயரையும் பதிவு செய்யுங்கள். சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (சரக்கு வகைக்கு) ரூ.4,500, 10 ஆண்டு செல்லும்.