பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஜெர்மனியில் ஒரு வழி: அவுஸ்பில்டுங்

கல்லூரியில் அரியர் சேர்ந்துவிட்டது, கிடைத்த வேலையில் மனம் ஒட்டவில்லை, எங்காவது போய்ப் புதிதாகத் தொடங்கினால் என்ன என்று யோசிக்கும் இளைஞர்களுக்கு, நம் ஊரில் முதலில் காட்டப்படும் கதவு பல லட்சம் கடனில் வாங்கும் வெளிநாட்டு முதுகலைப் படிப்பாகவே இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முறை ஒன்று நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. வாரத்தின் ஒரு பகுதியைத் தொழிற்கல்விப் பள்ளியிலும் மறுபகுதியை நிறுவனத்திலும் கழிக்கும் இம்முறையில் பெரும்பாலான பயிற்சிகள் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். நிறுவனம் மாதந்தோறும் பயிற்சி ஊதியம் தரும். நர்சிங், மின்பணி, எந்திரத் தொழில், ஓட்டல், பேக்கரி, தகவல் தொழில்நுட்பம் என முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களில் இது கிடைக்கிறது. இந்த வழியில் நீங்கள் தர வேண்டிய உண்மையான விலை மொழிதான். பணத்தைக் கொடுத்து மொழியைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

எந்தத் தொழில் என்பதை மொழி வகுப்பில் சேர்வதற்கு முன்பே ஓரளவு முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது நர்சிங் பயிற்சி. 2020 முதல் மருத்துவமனை நர்சிங், குழந்தைகள் நர்சிங், முதியோர் பராமரிப்பு மூன்றையும் இணைத்து ஒரே பயிற்சியாக நடத்துகிறார்கள். அதில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் களப்பணி. களப்பணி என்றால் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் மட்டுமல்ல. காலை ஆறு மணியளவில் தொடங்கும் ஷிப்டில், எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவரை எழுப்பிக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சாப்பிடவைத்து, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து, செய்தது அனைத்தையும் ஜெர்மன் மொழியில் குறிப்பேட்டில் எழுதி, ஷிப்ட் முடியும்போது அடுத்துவருபவரிடம் வாய்மொழியாக ஒப்படைக்க வேண்டும். இதைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள், நர்சிங்கில் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அதில் சேர்வது நல்லதல்ல. வீட்டாரிடமும் வேலையின் தன்மையை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

அடுத்தது மொழி. ஜெர்மன் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிநிலைகளாக அளக்கிறார்கள். பயிற்சி விசாவுக்குப் பொதுவாக பி1 நிலை கேட்கப்படுகிறது. நர்சிங்கில் பல நிறுவனங்கள் பி2 இருந்தால் முன்னுரிமை தருகின்றன. பி1 நிலையை எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்பது ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனத்தின் கணக்கு. எனவே 'மூன்று மாதத்தில் பி1' என்று சுவரொட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்; வீட்டுப் பயிற்சியையும் சேர்த்து ஓராண்டு ஒதுக்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சென்னையில் கோத்தே நிறுவனமே மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் வகுப்பும் தேர்வும் நடத்துகிறது. பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒரு பிரிவில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம். பேசும் தேர்வில் இன்னொரு தேர்வருடன் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவதும், ஒரு தலைப்பில் பேசுவதும், அதைப் பற்றிய கேள்விகளைக் கேட்பதும் பதில் சொல்வதும் இருக்கும். ஆகவே தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைவிட, வகுப்புத் தோழர் ஒருவரைப் பிடித்துத் தினமும் அரை மணி நேரம் பேசிப் பழகுவது அதிகப் பயன் தரும். தமிழருக்கு இதில் ஒரு சிறு வசதி உண்டு: துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போவது நமக்குப் பழக்கமான அமைப்பு. மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்பதுதான் கடைசிவரை படுத்தும்; அதற்கு ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பால் காட்டும் சொல்லோடு சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஏ2 முடிந்த கையோடு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பயிற்சி ஆண்டு பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குவதால், நிறுவனங்கள் ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்தே ஆள் தேடுகின்றன. நர்சிங்கில் ஏப்ரலிலும் அக்டோபரிலும்கூடத் தொடக்கங்கள் உண்டு. ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையின் இணையதளத்தில் பயிற்சி இடங்களை ஊர்வாரியாக, தொழில்வாரியாகத் தேடலாம். வெளிநாட்டவருக்கான அரசு விளக்கங்கள் மேக் இட் இன் ஜெர்மனி தளத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெர்லின், மியூனிக் என்று பெயர் தெரிந்த நகரங்களிலேயே நிற்காமல் சிற்றூர்களையும் பாருங்கள். அங்கே போட்டியும் குறைவு, வாடகையும் குறைவு.

விண்ணப்பத்தில் ஒரு பக்கக் கடிதம், அட்டவணை வடிவிலான தன்விவரம், சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு ஆகியவை இருக்கும். கடிதத்தை ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி அனுப்பினால் பதில் வராது. அந்த மருத்துவமனையோ பட்டறையோ என்ன செய்கிறது என்பதை அறிந்து இரண்டு வரியாவது எழுத வேண்டும். தன்விவரத்தில் இடைவெளி ஆண்டுகளை மறைக்க வேண்டாம். கல்லூரியை இடையில் விட்டதும், கடையில் வேலை பார்த்ததும், பாட்டியைக் கவனித்துக்கொண்டதும் எழுதக்கூடியவையே. ஆண்டும் மாதமும் தெரியாத வெற்றிடம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். பொறியியல் பட்டம் பெற்றவர் நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, நேர்காணலில் மட்டுமல்லாமல் விசா நிலையிலும் 'ஏன் இந்த மாற்றம்' என்ற கேள்வி வரும். அதற்கு நேர்மையான, உங்கள் சொந்த ஜெர்மனில் சொல்லக்கூடிய பதில் வேண்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பத்தியை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் வந்ததும் ஆறு விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: தொழிலின் பெயர், காலம், ஆண்டுவாரியான ஊதியம், வார வேலைநேரம், விடுமுறை, சோதனைக்காலம். சட்டப்படி 2025இல் தொடங்கிய பயிற்சிகளுக்கு முதலாண்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 682 யூரோவாக இருந்தது; பொது மருத்துவமனைகளின் நர்சிங் பயிற்சியில் இது 1,300 யூரோவைத் தாண்டும். கையில் வருவதற்கு முன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் முதலியவற்றுக்குப் பிடித்தம் செய்யப்படும். ஊதியம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்று தூதரகம் கருதினால், பற்றாக்குறையை முடக்கக் கணக்கு எனப்படும் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது.

ஏஜென்ட் பற்றி. நிறுவனத்துக்காக ஆள் தேடித் தருபவருக்குக் கூலி தர வேண்டியது நிறுவனம். நர்சிங் துறையில் நேர்மையான ஆள்சேர்ப்புக்கு ஜெர்மன் அரசு வழங்கும் தர முத்திரையின் அடிப்படையே அதுதான். நம் நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்கள் இந்தியாவின் 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். பதிவு எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். 'நாங்கள் கல்வி ஆலோசகர்கள்தான், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்லிக்கொண்டே நான்கைந்து லட்சம் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. நகையை அடகு வைத்து அந்தத் தொகையைக் கட்டியவர், பயிற்சி ஊதியத்தில் மூன்று ஆண்டும் வட்டிதான் கட்டிக்கொண்டிருப்பார். மொழி வகுப்புக்கும், தேர்வுக்கும், மொழிபெயர்ப்புக்கும் ரசீதோடு பணம் கொடுங்கள். ஒப்பந்தத்துக்காக என்று கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் கைக்கு வந்தபிறகு விசா எடுப்பது எளிதானதே. கட்டணம் 75 யூரோ. பட்டியலில் கேட்ட வரிசையிலேயே காகிதங்களை அடுக்கினால் போதும். ஆனால் பயிற்சி தொடங்கும் நாளுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

போய் இறங்கிய முதல் வாரங்களில் எல்லாமே கடிதத்தில்தான் நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. கதவு எண் போட்டால் தபால் வந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு எண்ணைவிடப் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். எனவே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டாவிட்டால் வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எதுவும் வந்து சேராது. வாடகை முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் முதல் ஊதியம் வரும்வரை தாங்குவதற்குக் கையிருப்பு வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பக்க வேலை செய்ய அனுமதி உண்டு. முதலாண்டில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன். வகுப்பில் காதில் விழும் ஜெர்மனும், வார்டில் பெரியவர்கள் பேசும் வட்டார ஜெர்மனும் மாலையில் வேறெதற்கும் தெம்பு வைக்காது.

சோதனைக்காலத்தில், பொதுவாக ஒன்று முதல் நான்கு மாதம், நர்சிங்கில் ஆறு மாதம், இரு தரப்பும் ஒப்பந்தத்தை எளிதில் முறித்துக்கொள்ளலாம். நிறுவனம் சரியில்லை என்று தெரிந்தால் பயந்து ஒளிய வேண்டாம். சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு நண்பர் அறையில் போய்த் தங்கவும் வேண்டாம். பயிற்சி முன்கூட்டியே முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் தவறால் முறியாத பட்சத்தில், வேறு பயிற்சி இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தரச் சட்டத்தில் இடமுண்டு. பயிற்சியை முடித்து அதே தொழிலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டு ஓய்வூதியச் சந்தா கட்டியபின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். எனவே முதல் மாத ஊதியச் சீட்டிலிருந்தே எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.